இரவல் வண்டியும் ஒரு லிட்டர் ஆயிலும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வாகன நிறுத்தத்தில் ஆயில் கறை அதிகமாகிவிட்டது, அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். கறையைப் பற்றியும் பேசுகிறேன். ஆனால் அதற்கு முன் வேறொன்று சொல்ல வேண்டும். நம் குடியிருப்பில் இப்போது வண்டி இரவல் வாங்குவது சகஜமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு, ஏர்போர்ட்டுக்கு, ஊரில் ஒரு கல்யாணத்துக்கு என்று பக்கத்து வீட்டுச் சாவியைக் கேட்கிறோம், அவர்களும் தருகிறார்கள். நல்ல விஷயம்தான். அது தொடர வேண்டும் என்றால் ஒரு சின்னப் பழக்கம் நமக்கு வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாமல் நான் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. எனக்கு அப்போது ஸ்கூட்டர் மட்டும்தான். கீழ் வீட்டு நண்பரிடம் பத்து வருஷமான ஒரு பெட்ரோல் கார் இருந்தது. கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். “பஸ்ஸில் எதற்கு சார், என் வண்டியை எடுத்துப் போங்கள்” என்று அவரே சாவியைக் கையில் கொடுத்தார். போக வர சுமார் 600 கிலோமீட்டர். திரும்பி வரும் வழியில் திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். பணிமனைக் கை சும்மா இருக்காதே, பானெட்டைத் திறந்து ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. பக்கத்துக் கடையில் சரியான கிரேடாகப் பார்த்து ஒரு லிட்டர் வாங்கி ஊற்றினேன். வீட்டுக்கு வந்து வண்டியைக் கழுவி, டேங்க்கை நிரப்பி, சாவியோடு ஒரு டப்பா கல்யாணச் சீரும் கொடுத்தேன். ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் அந்தக் காசைக் கேட்பது மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இரவல் கொடுத்தவரின் வண்டியைக் குறை சொல்வது மாதிரியும் இருக்கும். அதனால் பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த வருஷத்தில் இன்னும் இரண்டு தடவை அந்தக் காரை வாங்கினேன். இரண்டு தடவையும் ஆயில் குறைந்திருந்தது, இரண்டு தடவையும் ஊற்றினேன், இரண்டு தடவையும் சொல்லவில்லை.

நண்பர் அலட்சியமானவர் இல்லை. மாதம் ஒரு முறை ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பவர். ஆனால் அவர் பார்க்கும்போதெல்லாம் ஆயில் போதுமான அளவில் இருந்தது, ஏனென்றால் நான் ஊற்றியிருந்தேன். என் வண்டி ஆயில் குடிக்காது என்று அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நம்பிக்கையில் குடும்பத்தோடு ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று ஒரு நீண்ட பயணம் கிளம்பினார். திரும்பும்போது திருச்சிக்கு முன்னால் டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. அடுத்த பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓட்டினார். என்ஜின் பிடித்துக்கொண்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு அவருடைய மனைவியும் வயதான அம்மாவும் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றார்கள். யாருக்கும் அடிபடவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

என்ஜின் வேலைக்கு ஆன செலவு, அந்தக் கார் அன்றைக்கு விற்றால் வரும் விலையில் பாதிக்கு மேல். இன்ஷூரன்ஸ் கிடைக்கவில்லை. அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண மோட்டார் பாலிசி விபத்து, திருட்டு போன்றவற்றுக்குத்தான். இயந்திரக் கோளாறு, தேய்மானம் இரண்டும் அதில் விலக்கப்பட்டவை. ஆயில் இல்லாமல் என்ஜின் போனால் அந்தச் செலவு முழுக்க நம் கையிலிருந்துதான்.

வண்டியைச் சென்னைக்குக் கொண்டுவந்து மெக்கானிக் பிரித்தபோது நானும் கூட இருந்தேன். “வண்டி ஆயில் குடிக்குமா சார்?” என்று மெக்கானிக் கேட்டார். “ஒரு சொட்டு குறையாது, மாசா மாசம் பார்க்கிறேன்” என்றார் நண்பர். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. அன்று ராத்திரி அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்” என்றார். பாதிச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதை அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான். வண்டியில் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எது குறைந்தாலும் அது வண்டி நமக்குச் சொல்லும் சேதி. இரவல் வாங்கியவர் அதை நிரப்பிவிட்டுச் சும்மா இருந்தால் அந்தச் சேதி சொந்தக்காரருக்குப் போய்ச் சேராது. ஊற்றுவது உதவி, சொல்வது கடமை. ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் சொல்வதைச் செய்யுங்கள்.

இனி எதை எப்படிப் பார்ப்பது, எதை ஊற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

என்ஜின் ஆயில்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். நம் பேஸ்மென்ட் சரிவில் நின்று பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். என்ஜினை நிறுத்திப் பத்து நிமிஷம் பொறுங்கள், மேலே ஏறிய ஆயில் கீழே வடிய வேண்டும். ஸ்டிக்கை இழுத்து, சுத்தமான துணியால் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி, அப்புறம் இழுத்துப் பாருங்கள். முதல் தடவை இழுத்துப் பார்ப்பது கணக்கில்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். மேல்கோடு வரை நிரப்ப வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர்தான். ஆகவே பாதிக்கு மேல் இருக்கும் வண்டியில் ஒரு லிட்டர் டப்பாவைக் கவிழ்த்தால் அளவு மீறிவிடும். அளவு மீறினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் ஆயில் பிரஷர் நிற்காது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு என்ஜினைக் கெடுக்கும் வழி அது. இருநூறு மில்லி ஊற்றுங்கள், சில நிமிஷம் பொறுங்கள், மறுபடி பாருங்கள்.

எந்த ஆயில் என்பது அடுத்த கேள்வி. பல வண்டிகளில் ஆயில் ஊற்றும் மூடியிலேயே எழுதியிருக்கும். இல்லாவிட்டால் கிளவ் பாக்ஸில் இருக்கும் கையேட்டில் இருக்கும். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்பது ஆயிலின் கெட்டித்தன்மை. அது மட்டும் போதாது, டப்பாவின் பின்பக்கம் பெட்ரோலுக்கா டீசலுக்கா, எந்தத் தரம் என்பதையும் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசல் கார்களில் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. அதற்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பழைய டீசல் ஜீப்புக்கு வாங்கி வைத்த மிச்சத்தை அதில் ஊற்றினால் ஃபில்டர் நாளடைவில் அடைத்துக்கொள்ளும்.

மினரலும் சிந்தெடிக்கும் கலந்தால் ஆயில் திரிந்துவிடும் என்று ஒரு பயம் பலரிடம் இருக்கிறது. அப்படி ஆகாது. நடுவழியில் ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே போய்விட்டது, அதே ஆயில் கிடைக்கவில்லை என்றால், நெருங்கிய கிரேடில் கொஞ்சம் ஊற்றி ஓட்டுவது ஆயிலே இல்லாமல் ஓட்டுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் என்ன ஊற்றினோம் என்று சொந்தக்காரரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு அடையாளம். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஓட்டுவதற்கு முன் கேளுங்கள். டீசல் வண்டியில் அளவு மேல்கோட்டுக்கும் மேலே ஏறியிருந்தால் யாரோ அதிகம் ஊற்றிவிட்டார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஊருக்குள் குறைந்த தூரமே ஓடும் பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் அந்த ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வேலை பாதியில் நின்று, டீசல் ஆயிலில் கலப்பதுண்டு. அதுவும் சொந்தக்காரருக்குப் போக வேண்டிய சேதி.

சிவப்பு ஆயில் விளக்கு ஆயில் அளவைக் காட்டுவதல்ல, ஆயில் பிரஷர் போய்விட்டது என்று காட்டுவது. ஓடும்போது அது எரிந்தால் ஓரங்கட்டி உடனே என்ஜினை நிறுத்துங்கள். அடுத்த பங்க் என்ற பேச்சே கிடையாது. அளவைப் பார்த்து ஊற்றிய பிறகும் எரிந்தால் டோ பண்ணித்தான் கொண்டுபோக வேண்டும்.

கூலன்ட்

சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டப்பா மூடியையோ திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர், திறந்த மாத்திரத்தில் கொதித்துப் பீய்ச்சி அடிக்கும். முகமும் கையும் வெந்தவர்களைப் பணிமனையில் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரமாவது ஆறட்டும். அளவும் ஆறிய பிறகு பார்க்க வேண்டியதுதான்.

பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று நிறம் பார்த்து ஊற்றுவது தப்பு. நிறம் கம்பெனி போடும் சாயம், எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. ஒத்துப்போகாத இரண்டு வகை கலந்தால் துருப்பிடிக்காமல் காக்கும் சக்தி குறையும், சில சமயம் கூழாகி அடைத்துக்கொள்ளும். என்ன வகை என்று தெரியாத இரவல் வண்டியில் கொஞ்சம் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஊற்றியதைச் சொல்லுங்கள். நம் போர் தண்ணீர் வேண்டாம். வாளியில் படியும் உப்பு ரேடியேட்டரிலும் படியும். ஏசி-யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அது தூசியையும் உலோகத்தையும் தொட்டு வருகிற தண்ணீர், அதுவும் வேண்டாம்.

நடுவழியில் வேறு வழியே இல்லை என்றால் குடிதண்ணீர் ஊற்றலாம். ஆனால் என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இரும்பும் விரிசல் விடும்.

பிரேக் ஆயில்

பெயரில்தான் ஆயில். உள்ளே இருப்பது எண்ணெயே இல்லை. இந்தப் பெயரால் ஏமாந்து, ஆயில்தானே என்று என்ஜின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள ரப்பர் சீல்கள் ஊதிப் போய் பிரேக்கே பிடிக்காமல் போகலாம். மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதைத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே போன வருஷத்து மிச்சம் உதவாது. டாட் 5 என்பது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு சேரவே சேராது. பெயின்ட் மேல் சிந்தினால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் அளவு தானாகவே இறங்கும். ஆக, அளவு குறைந்திருப்பது “பேட் மாற்றும் நேரம் வந்துவிட்டது” என்ற சேதியாக இருக்கலாம். நீங்கள் நிரப்பிவிட்டால் சொந்தக்காரர் கண்ணில் அது படாது. என் ஆயில் கதைதான் இங்கேயும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் தொடாதீர்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், சொந்தக்காரரைக் கூப்பிடுங்கள். சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தும் எரிந்தால் அந்தப் பயணம் அன்றைக்கு வேண்டாம்.

மற்றவை

வைப்பர் தண்ணீரை யாரும் எந்த வண்டியிலும் நிரப்பலாம். கேட்கவும் வேண்டாம். ஆனால் பக்கத்தில் இருப்பது கூலன்ட் டப்பா, மூடியில் போட்ட படத்தைப் பார்த்துத் திறங்கள்.

கியர் பாக்ஸ் ஆயில், ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் இரண்டையும் இரவல் வண்டியில் தொடாதீர்கள். பல வண்டிகளில் அதைப் பார்க்க ஸ்டிக்கே இருக்காது. இப்போதைய பல கார்களில் ஸ்டீயரிங் மின்சாரத்தில் வேலை செய்வதால் ஸ்டீயரிங் ஆயிலும் கிடையாது. தேடி அலைந்து வேறு டப்பாவில் ஊற்றிவிடாதீர்கள்.

சில பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் யூரியாக் கரைசல் ஊற்றும் தனி டேங்க் உண்டு. அதன் மூடி பெரும்பாலும் நீல நிறத்தில், சில வண்டிகளில் டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே இருக்கும். யூரியாவை டீசல் டேங்க்கில் ஊற்றினால் செலவு பெரிய செலவு. பங்க்கில் இறங்கி நின்று, எது எதில் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பெட்ரோலா டீசலா என்பதையும் சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இருசக்கர வண்டியில் மொத்த ஆயிலே பெரும்பாலும் ஒரு லிட்டருக்குப் பக்கம்தான், ஆகவே கால் லிட்டர் குறைவு என்பது பெரிய குறைவு. கியர் உள்ள பைக்கில் கிளட்ச் அந்த ஆயிலிலேயே நனைந்து வேலை செய்கிறது. அதற்கு டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று எழுதிய ஆயில் வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். ஸ்கூட்டருக்கு ஜாசோ எம்பி வகை.

எலெக்ட்ரிக் காரில் என்ஜின் ஆயில் இல்லை. பிரேக் ஆயிலும் வைப்பர் தண்ணீரும் உண்டு, பெரும்பாலானவற்றில் கூலன்டும் உண்டு. அந்தக் கூலன்டை நாம் தொட வேண்டாம்.

வாகன நிறுத்தத்துக் கறை

செயலாளர் கேட்டதற்கு வருகிறேன். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறுப்போ பழுப்போ சொட்டியிருந்தால் என்ஜின் ஆயில். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் வழுவழுப்பாக இருந்தால் கூலன்ட். அது நாய், பூனைகளுக்கு விஷம், உடனே கழுவிவிடுங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ பிசுபிசுத்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வெறும் தண்ணீர் என்றால் அது ஏசி தண்ணீர், கவலை இல்லை.

பக்கத்து வண்டிக்குக் கீழே கறை பார்த்தால் வாட்ஸ்அப் குழுவில் படம் போடாதீர்கள். கதவைத் தட்டிச் சொல்லுங்கள். வடித்த பழைய ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றவே கூடாது. டப்பாவில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

கடைசியாக, வண்டி கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். என்ன ஆயில், என்ன கூலன்ட், பெட்ரோலா டீசலா, டயர் காற்று எவ்வளவு, உங்கள் மெக்கானிக் நம்பர் என்ன என்று ஒரு அட்டையில் எழுதி கிளவ் பாக்ஸில் போட்டு வையுங்கள். “வண்டி கொஞ்சம் ஆயில் குடிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். பழைய வண்டி ஆயில் குடிப்பது குற்றமில்லை.

வாங்குபவர்கள் அதே அட்டையின் பின்பக்கம் ஒரு வரி எழுதுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன ஊற்றினேன், எவ்வளவு, எவ்வளவு குறைந்திருந்தது. காசு வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும் எழுதிவிடுங்கள், சங்கடம் தீர்ந்தது. எழுதியது போதாது, சாவி கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள்.

கீழ் வீட்டு நண்பரின் இப்போதைய காரில் அப்படி ஓர் அட்டை இருக்கிறது. போன மாதம் செங்கல்பட்டு போய் வர அவரே சாவி கொடுத்தார். திரும்பி வந்து, “கூலன்ட் ஒரு விரல் குறைந்திருக்கிறது சார், நான் ஊற்றவில்லை, நீங்கள் பாருங்கள்” என்றேன். “சொன்னீர்களே, அது போதும்” என்றார். அடுத்த வாரம் காட்டியபோது ஒரு ஹோஸ் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. மாற்றிவிட்டார்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். டீ ஆறுவதற்குள்.